ப்ளெயின் டி-ஷர்ட்டும் திருச்சி வெயிலும் (நீண்ட த்ரெட், பொறுமையா படிங்க)

1/ ஒரே ஒரு ப்ளெயின் டி-ஷர்ட்டைப் பத்து விதமா போடுறது எப்படினு சொல்ற ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். டி-ஷர்ட் மேல டெனிம் ஜாக்கெட், லெதர் ஜாக்கெட், பிளேஸர், கழுத்துல ஒரு ஸ்கார்ஃப். லண்டனுக்கு சரி. மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மனுஷனுக்கு அது ஸ்டைல் இல்ல, அட்மிஷன்.

2/ நான் ஃபேஷன் ஆள் இல்ல. அரசு மருத்துவமனையில ஓ.பி. பாக்குற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா வேர்க்குரு, அரிப்பு, படர்தாமரை, வெயில் மயக்கம்னு வர்றவங்களைத் தினமும் பாக்குறப்போ, அவங்க உடம்பு மேல இருக்குற துணியையும் சேத்துத்தான் பாக்க வேண்டியிருக்கு. அதனால துணி பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

3/ நான் சொல்ல வர்றது இதுதான்: பிரிண்ட் இல்லாத, தளர்வான, நூறு சதவீத காட்டன் டி-ஷர்ட்தான் நம்ம ஊருக்கு ஏத்த உடுப்பு. அதை வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்காம எல்லா இடத்துக்கும் போடலாம். ஆம்பள, பொம்பள, வயசானவங்க எல்லாரும் போடலாம். அதை "மரியாதை இல்லாத டிரெஸ்"னு சொல்றதை நாம நிறுத்தணும். ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

4/ முதல்ல உடம்பு. வெளிச்சூடு நம்ம தோல் சூட்டைத் தாண்டிட்டா உடம்பு குளிர ஒரே வழிதான் பாக்கி: வியர்வை ஆவியாகணும். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். வழிஞ்சு கீழ சொட்டுற வியர்வையால எந்தப் பிரயோஜனமும் இல்ல. ஆவியானாத்தான் கணக்கு.

5/ துணியோட வேலை அங்கதான் ஆரம்பிக்குது. பருத்தி நாரு தன் எடையில சுமார் 8 சதவீதம் வரை காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். அதனாலதான் பாலியஸ்டர் சட்டைக்குள்ள ஒரு புழுக்கம், ஒரு பிசுபிசுப்பு. வியர்வைக் குழாய் வாய் அடைபட்டா வேர்க்குரு. ஈரம் தங்குற மடிப்புல பூஞ்சை.

6/ "டாக்டர், டிரை-ஃபிட் டி-ஷர்ட் வியர்வையை இழுத்துடுமே?" நியாயமான கேள்வி. ஓடும்போது, ஷட்டில் ஆடும்போது அது நல்லாவே வேலை செய்யும். ஆடி முடிச்ச உடனே கழட்டிட்டா பிரச்சனை இல்ல. அதையே காலையில போட்டுட்டு ராத்திரி வரைக்கும் கடையில உக்காந்திருக்குறதுதான் தப்பு.

7/ நாத்தம் விஷயத்துலயும் பருத்திதான் ஜெயிக்குது. பெல்ஜியம் கெண்ட் பல்கலைக்கழகத்துல 26 பேரை சைக்கிள் பயிற்சி பண்ண வச்சு, அவங்க டி-ஷர்ட்டுகளை மறுநாள் மோந்து பாத்தாங்க (2014ல வெளியான ஆய்வு, நிஜமாவே மோந்து பாத்தாங்க). பாலியஸ்டர்ல நாத்தம் அதிகம். நாத்தத்துக்குக் காரணமான ஒரு வகை பாக்டீரியா அந்த நார்ல நல்லா வளருது. சென்ட் அடிச்சு மறைக்கிறதை விட துணியை மாத்துறது சுலபம்.

8/ காட்டனுக்கும் குறை உண்டு, மறைக்கல. தொப்பலா நனைஞ்சா சீக்கிரம் காயாது. அதுக்கு மருந்து ஒண்ணுதான்: பையில இன்னொரு டி-ஷர்ட். மத்தியானம் மாத்திக்கோங்க. அப்புறம், மெல்லிசான வெள்ளை காட்டன் டி-ஷர்ட் புற ஊதாக் கதிரைப் பெருசா தடுக்காது, நனைஞ்சா இன்னும் மோசம். வெயில்லயே வேலைனா நெருக்கமா பின்னின, கொஞ்சம் அடர் நிறமா எடுங்க.

9/ "அடர் நிறம் சூட்டை இழுக்குமே?" இழுக்கும். ஆனா துணி தளர்வா இருந்தா உள்ள காத்து ஓடி அதை வெளிய தள்ளிடும். பாலைவன பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுறாங்கனு 1980ல 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. கறுப்பு, வெள்ளை எந்த அங்கியா இருந்தாலும் உடம்புக்குள்ள போற சூடு ஒண்ணுதான்னு முடிவு. நிறத்தை விட தளர்வு முக்கியம்.

10/ அடுத்து, ஏன் ப்ளெயின்? நெஞ்சு முழுக்க பெரிய படம் போட்ட டி-ஷர்ட்டைத் தொட்டுப் பாருங்க, ரப்பர் மாதிரி இருக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிசால் மை, அதாவது பி.வி.சி. நெஞ்சுல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டின மாதிரி. அந்த இடத்துல காத்தும் போகாது, வியர்வையும் வராது. காட்டன் வாங்கினதோட பலன் அங்கயே போச்சு.

11/ இன்னொரு காரணம், படம் போட்ட டி-ஷர்ட் ஒரு இடத்துக்குத்தான் ஒத்துப்போகும். கபாலி படம் போட்டதை எழவு வீட்டுக்குப் போட முடியாது. கட்சிக்கொடி போட்டதை இன்டர்வியூவுக்குப் போட முடியாது. ப்ளெயினுக்கு அந்தத் தொல்லை இல்ல. எங்க போட்டாலும் அது பேசாது, நீங்கதான் பேசுவீங்க.

12/ வாங்கும்போது என்ன பாக்கணும்? காலர் பின்னாடி இல்லேன்னா உள் தையல்ல இருக்குற லேபிளைப் படிங்க. "காட்டன் ரிச்"னு போட்டிருந்தா கலப்படம்னு அர்த்தம். கிரே மெலாஞ்ச் நிறத்துல பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம், கேட்டு வாங்குங்க. துணியோட கனம் ஜி.எஸ்.எம்.ல இருக்கும். நம்ம ஊருக்கு 160லிருந்து 180 போதும். 240ல வர்ற ஓவர்சைஸ் எல்லாம் ஊட்டிக்கு வச்சுக்கோங்க.

13/ "பயோ வாஷ்"னு எழுதியிருந்தா நல்லது. என்சைம் விட்டு மேல இருக்குற பிசிறை எடுத்திருப்பாங்க, சீக்கிரம் பொரிப்பொரியா ஆகாது. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, விரல் தெளிவா தெரிஞ்சா வேண்டாம். கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்க, பழைய இடத்துக்கு வரணும். வரலைன்னா ரெண்டாவது துவைப்புல தொங்கிடும்.

14/ அளவு: தோள் தையல் தோள் எலும்பு முனையில நிக்கணும். பக்கவாட்டுல கிள்ளினா ரெண்டு இன்ச் துணி கையில வரணும். நீளம் இடுப்புக்குக் கீழ நாலு விரல். டைட்டா போட்டு உடம்பு காட்ட வேண்டாம், தொளதொளனு போட்டு தொப்பையை மறைக்கவும் வேண்டாம். ரெண்டுமே நடக்காது.

15/ தொப்பைனு சொன்னதும் டாக்டர் புத்தி. டெய்லர் டேப் இருந்தா இப்பவே இடுப்பை அளந்து பாருங்க. இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. இதைத் தாண்டினா டி-ஷர்ட் சைஸை மட்டும் ஏத்திட்டு வந்துடாதீங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பி.பி. பாத்துட்டுப் போங்க. காசு கிடையாது.

16/ நிறம்: மூணு போதும். ஒரு வெள்ளை அல்லது சந்தனம், ஒரு நேவி ப்ளூ, ஒரு அரக்கு அல்லது பாட்டில் க்ரீன். "நான் கறுப்பு, எனக்கு டார்க் கலர் எடுபடாது"னு இன்னும் சொல்லிட்டு இருக்கோம். அரக்கும், பாட்டில் பச்சையும், கடுகு மஞ்சளும் நம்ம தோல் நிறத்துல நிக்கிற மாதிரி வேற எங்கயும் நிக்காது. முகத்தை வெளுக்குறேன்னு ஸ்டீராய்டு கிரீம் தடவி தோலைப் பாழாக்கிட்டு வர்றவங்களுக்கும் சேத்துதான் இதைச் சொல்றேன்.

17/ இப்போ நம்ம ஊர் ஸ்டைலிங்.
சந்தன நிற டி-ஷர்ட், சின்னக் கரை வச்ச காட்டன் வேட்டி. ஸ்ரீரங்கம் சித்திரைத் தேருக்கு வடம் பிடிக்கப் போறவங்களுக்கு இதை விட நல்ல உடுப்பு இல்ல. சித்திரை வெயில், கூட்டம், தார் ரோடு. சில்க் சட்டையை சாயங்காலத்துக்கு வைங்க. கோயிலுக்குள்ள அங்க என்ன வழக்கமோ அதுப்படி மேல ஒரு துண்டு. அவ்ளோதான்.

18/ நேவி டி-ஷர்ட், சாம்பல் நிற ஃபார்மல் பேன்ட், பெல்ட், ஷூ, இன் பண்ணி. தில்லை நகர் ஆபீஸுக்கு இது தாராளமா போதும். அயர்ன் பண்ணிப் போடுங்க. டி-ஷர்ட் மரியாதையா தெரியுமா தெரியாதாங்கறதை முடிவு பண்றது துணி இல்ல, அயர்ன் பாக்ஸ்.

19/ டூ வீலர்ல காவிரிப் பாலம் தாண்டி தினம் போறவங்க: டி-ஷர்ட் மேல ஒரு மெல்லிசான முழுக்கை காட்டன் சட்டை, பட்டன் போட்டு. கைக்கு வெயில் படாது. ஆபீஸ் போனதும் சட்டையைக் கழட்டி மாட்டிடுங்க. ரீல்ஸ்ல காட்டுற "லேயரிங்" இதுதான், நம்ம வெயிலுக்கு ஏத்த மாதிரி.

20/ இந்த லேயரிங்கை நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்சவங்க யாருனு நினைக்கிறீங்க? நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் புடவை மேல வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுட்டுப் போற நம்ம அக்காங்க. வெயில், தூசி, தாள் அறுப்பு எல்லாத்துக்கும் ஒரே தீர்வு. அதை யாரும் ஃபேஷன்னு சொல்லல, அது வேற கதை.

21/ பெண்களுக்கு: ப்ளெயின் டி-ஷர்ட்டையே பிளவுஸா வச்சு காட்டன் புடவை கட்டலாம், கல்லூரிப் பொண்ணுங்க அழகா பண்றாங்க. காட்டன் நீளப் பாவாடையோட போடலாம். சுடிதார் பேன்ட்டும் ஒரு சுங்குடி துப்பட்டாவும் சேத்தா பஸ், பேங்க், பள்ளிக்கூட மீட்டிங் எல்லாத்துக்கும் ஆச்சு.

22/ ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது அடுப்படியைப் பத்தி. நிறைய வீட்டுல அம்மா சமைக்கிறப்போ போட்டிருக்குறது சிந்தெடிக் நைட்டி, மேல ஒரு துண்டோ துப்பட்டாவோ. காஸ் அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி டப்பா எடுக்கும்போது தீ பிடிக்கிறது பெரும்பாலும் தொங்குற முனைதான். பாலியஸ்டரும் நைலானும் உருகி தோல்ல ஒட்டிக்கும். தீப்புண் வார்டுல வேலை பாத்த எந்த டாக்டரையும் நர்ஸையும் கேளுங்க.

23/ காட்டனும் எரியும், அது தீப்பிடிக்காத துணி இல்ல. ஆனா உருகி ஒட்டாது. உடம்போட நிக்கிற அரைக்கை டி-ஷர்ட்ல தொங்குற முனையே கிடையாது. அப்படியும் தீ பட்டுட்டா: ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். ஒட்டின துணியை இழுக்காதீங்க. மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். 108. "இந்த வயசுல டி-ஷர்ட்டா"னு உங்க அம்மாவையோ மனைவியையோ சிரிக்கிறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

24/ இது நமக்குப் புதுசும் இல்ல. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளூஸ், அர்காருங்கற ஊர்லேருந்து போன மெல்லிய பருத்தித் துணியைச் சொல்லுது. அந்த ஊர் நம்ம உறையூர்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1978ல வெரோனாங்கற இத்தாலி வியாபாரி திருப்பூருக்கு வந்து தேடினது என்ன தெரியுமா? வெள்ளை டி-ஷர்ட். திருப்பூர் ஏற்றுமதிக் கதை அங்கதான் தொடங்குது.

25/ அதே கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. திருப்பூர் சாயத்தண்ணி நொய்யல்ல போச்சு. நொய்யல் கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்குது. அதுக்குக் கீழதான் முக்கொம்பு, ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவை வெளிய விடாம சுத்திகரிக்குற முறை வந்ததும் இதனாலதான்.

26/ ஒரு டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைய வைக்குறதுலேருந்து கணக்கு போட்டா சுமார் 2,700 லிட்டர் தண்ணினு சொல்றாங்க. அதனால ஆஃபர்ல அஞ்சு வாங்கி ஆறு மாசத்துல தரை துடைக்கிறதை விட, நல்லதா மூணு வாங்கி ரெண்டு வருஷம் போடுங்க. "எத்தனை விதமா போடலாம்"ங்கற கேள்விக்கு உண்மையான அர்த்தம் இதுதான்: வாங்குறது குறையணும்.

27/ துவைக்கிறது: உள்பக்கத்தை வெளிய திருப்பி துவைங்க, அப்படியே வெயில்ல காயப் போடுங்க. திருச்சியில வெயிலுக்கா பஞ்சம்? அரைகுறையா காஞ்சதை மடிச்சு வைக்காதீங்க. படர்தாமரை இருக்குறவங்க துணி, துண்டு ரெண்டையும் தனியா வெந்நீர்ல (60 டிகிரி) ஊற வச்சு துவைக்கணும். அண்ணன் டி-ஷர்ட்டைத் தம்பி போடுறது பாசம்தான், ஆனா பூஞ்சையும் சேந்து வரும்.

28/ முக்கியமா, மருந்துக்கடையில "அரிப்புக்கு ஒரு ட்யூப்"னு கேட்டு வாங்காதீங்க. பல ட்யூப்ல ஸ்டீராய்டு கலந்திருக்கு. ரெண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் வட்டம் வட்டமா பரவும், மருந்துக்கும் அடங்காது. ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுனு 2018லேயே விதியை இறுக்கிட்டாங்க. நாமளும் கேக்கக் கூடாது.

29/ ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் தளர்வான அரைக்கை காட்டன் டி-ஷர்ட்தான் எங்களுக்குச் சவுகரியம். பி.பி. வெறும் கையில பாக்கணும். டைட்டான முழுக்கையை மேல சுருட்டினா அதுவே கயிறு மாதிரி இறுக்கி கணக்கைக் கெடுக்கும். எக்ஸ்ரேயில பட்டனும் தடியான பிரிண்டும் நிழலா விழலாம். எம்.ஆர்.ஐ.க்கு, உலோக இழை கலந்த ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் சூடாகி தோலைச் சுட்டதா மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

30/ டி-ஷர்ட் ஆகாதவங்களும் உண்டு. தோள்பட்டை இறுகிப்போன சர்க்கரை நோயாளி, கை எலும்பு முறிவு, பால் குடுக்குற தாய்: முன்பக்கம் திறக்குற உடுப்புதான் சரி. பக்கவாதம் வந்தவங்களுக்கு போட்டுவிடும்போது முடியாத கையை முதல்ல விடணும். கழட்டும்போது அந்தக் கை கடைசி. இதை வீட்டுல இருக்குற எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க.

31/ கடைசியா, மரியாதை. 2019ல தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வந்துச்சு: ஆண்களுக்கு சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும், இல்லேன்னா வேட்டி. 2024 அக்டோபர்ல துணை முதல்வர் டி-ஷர்ட் போடுறது சரியானு சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கே நடந்துச்சு. நான் அரசு ஊழியன், அதுல இருக்குற அரசியலுக்குள்ள போகல. கட்சிச் சின்னம் வேற விவாதம். நான் பேசுறது சின்னமே இல்லாத டி-ஷர்ட்டைப் பத்தி.

32/ உடை விதியை உடம்பைப் பாத்தும் எழுதலாம். இங்கிலாந்துல 2007ல டாக்டர்களுக்கு "முழங்கைக்குக் கீழ எதுவும் கூடாது"னு விதி கொண்டு வந்தாங்க. முழுக்கை சட்டை, வாட்ச் எல்லாம் கை கழுவ இடைஞ்சல்னு. கௌரவத்தை விட நோயாளிதான் முக்கியம்னு ஒரு நாடே சட்டைக் கையை வெட்டிடுச்சு.

33/ நம்ம ஊரைப் பாருங்க. ஏ.டி.எம். வாசல்ல, அபார்ட்மென்ட் கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனுக்குத் தடி பாலியஸ்டர் யூனிஃபார்ம், பெல்ட், தொப்பி, ஷூ. வயசு அறுபதுக்கு மேல, பி.பி. மாத்திரை வேற. துணிக்கடையில நிக்கிற தங்கச்சிக்கு சிந்தெடிக் புடவை. டெலிவரி தம்பிக்குக் கம்பெனி குடுத்த நைலான் ஜெர்சி. இவங்க யாரும் தானா தேர்ந்தெடுத்தது இல்ல.

34/ 2021ல தமிழ்நாடு சட்டம் திருத்தி கடை ஊழியர்களுக்கு உக்கார நாற்காலி குடுக்கணும்னு சொல்லுச்சு. 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அரசு அறிவிச்சுது. நாற்காலி வந்துச்சு, பேரிடர்னு பேரும் வந்துச்சு. அடுத்தது துணி. மார்ச்லேருந்து ஜூன் வரைக்கும் வெளிய நிக்கிற ஒவ்வொரு ஊழியருக்கும் காட்டன் டி-ஷர்ட் யூனிஃபார்மா குடுக்குறதுக்கு எந்த முதலாளிக்கும் பெரிய செலவு ஆகாது.

35/ சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல ஒரு வரி பேசுங்க: "வாட்ச்மேனுக்கு வெயில் காலத்துல ரெண்டு காட்டன் டி-ஷர்ட்." கடை வச்சிருந்தா நாளைக்கே மாத்துங்க. யாராவது வெயில்ல மயங்கி, பேச்சு குழறி, உடம்பு அனலா கொதிச்சா: நிழல், போட்டிருக்குற டி-ஷர்ட் மேலயே தண்ணி, விசிறி, 108. நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

36/ இந்த வாரம் ஒரு வேலை: அலமாரியைத் திறந்து ஒவ்வொரு லேபிளா படிங்க. எத்தனை காட்டன், எத்தனை பாலியஸ்டர்னு எண்ணிட்டு கமென்ட்ல போடுங்க. தோல்ல ஏதாவது இருந்தா போட்டோவை இங்க போடாதீங்க, நேர்ல ஓ.பி.க்கு வாங்க. தளர்வா ஒரு டி-ஷர்ட் போட்டுட்டு வாங்க.